விண்கல மாடல்: கண்ணில் படும் கோளாறும் அது பிறந்த இடமும்

டாங்கி மாடல் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இணைப்பு சரியாக வரவில்லையா, மேலே சேறு அப்பிவிடலாம். பெயிண்ட் திட்டுத்திட்டாக இருக்கிறதா, துரு என்று சொல்லிவிடலாம். விண்கலத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட் புத்தம் புதியது. அழுக்கு சேர அதற்கு நேரமே இல்லை. வெள்ளைப் பெயிண்ட், நீளமான உருளை, பளபளக்கும் தகடு ஆகிய மூன்றும்தான் இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பகுதி. தவறைக் காட்டிக்கொடுப்பதில் மூன்றும் கைதேர்ந்தவை.

இன்னொரு தொல்லையும் உண்டு. கோளாறு தெரிகிற இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. பெயிண்டில் தெரிவது, இணைப்பை நிரப்பும் புட்டி காய்வதற்குள் நடந்திருக்கும். டீக்காலில் (எழுத்தும் சின்னமும் அச்சிட்ட ஒட்டுப்படலம்) தெரிவது அதற்கடியில் இருக்கும் பெயிண்டில் நடந்திருக்கும். தெரிகிற இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் கோளாறு போகாது, மாடல்தான் தேயும். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் மேசையில் எது இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

வெள்ளை சொரசொரவென்று, சுண்ணாம்பு அடித்தது போல இருக்கிறது

விரல் நகத்தின் பின்பக்கத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். பொடி ஒட்டினால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து, தூளாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. பெயிண்ட்டைக் காற்றழுத்தத்தில் தூவும் ஏர்பிரஷை மிகத் தள்ளிப் பிடித்தது, தின்னர் போதாதது, அழுத்தம் அதிகமானது, மூன்றில் ஒன்று. வெயில் நாளில் மூன்றும் சேர்ந்தே வரும்.

இதில் வெள்ளைக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. அது அடியில் உள்ளதை எளிதில் மறைக்காது. முதல் பூச்சில் சாம்பல் எட்டிப் பார்க்கும். நமக்குப் பொறுமை போய்விடும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஈரத்தின் மேலேயே அடிப்போம். ஓரங்களில் தேங்கி, முனைகளில் விலகி, நடுவில் வழியும். அதற்குப் பயந்து அடுத்த முறை தள்ளி நின்று அடிப்போம். அங்கே வருவதுதான் இந்தச் சுண்ணாம்பு.

சொரசொரப்பு லேசாக இருந்தால், நன்றாகக் காயவிட்டு 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் சரியாகிவிடும். மோசமாக இருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) வரை தேய்த்துவிட்டு மறுபடியும் தொடங்குவதுதான் நேர்மை. இந்த முறை பெயிண்ட்டைப் பால் பதத்துக்குக் கரையுங்கள். 10 செ.மீ. தொலைவில் பிடித்து, அடித்ததும் பரப்பு ஒரு கணம் ஈரமாக மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கிவிட்டு மங்கினால் சரி. முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரியத்தான் வேண்டும். நான்காவது பூச்சில் மறைந்தால் போதும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு விட்டால் வெயில் நாளில் பெரிய உதவி.

அடியில் வெளிர் சாம்பல் பிரைமர் போடுங்கள். அடர் பிரைமர் போட்டால் வெள்ளையின் பூச்சு எண்ணிக்கை இரட்டிப்பாகும். சுத்த வெள்ளையும் வேண்டாம். ஒரு சொட்டு சாம்பல் கலந்த வெள்ளைதான் சின்ன மாடலில் பெரிய பொருளைப் போலக் காட்டும். லாக்கர் வகை என்றால் ஜன்னலைத் திறந்து, ரசாயன ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது.

பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி, அடியில் பிளாஸ்டிக் தெரிகிறது

எண்ணெய்ப் பிசுக்கு. அச்சிலிருந்து உதிர்வதற்காகத் தொழிற்சாலையில் பூசியதாக இருக்கலாம், உங்கள் கையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ரெசின் பாகங்களில் இது அதிகம். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். எல்லாம் கழுவியும் விலகினால் கம்ப்ரஸரின் நீர்வடிப்பானைப் பாருங்கள், நிரம்பியிருக்கும்.

புட்டி போட்டுத் தேய்த்த இணைப்புக் கோடு, பெயிண்ட் அடித்ததும் திரும்ப எட்டிப் பார்க்கிறது

ராக்கெட் கட்டுகிறவர்களின் தலைவலிகளில் இதுதான் முதல். பெரும்பாலான கிட்களில் (பாகங்களாக வரும் மாடல் பெட்டி) உருளை இரண்டு பாதியாக வரும். ஒட்டுகிறோம், புட்டி போடுகிறோம், தேய்க்கிறோம், விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வெள்ளை அடித்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தலைமுதல் கால்வரை மெல்லிய வாய்க்கால் போல ஒரு கோடு.

நடந்தது இதுதான். பிளாஸ்டிக் பசை ஒட்டுவது பிளாஸ்டிக்கை உருக்கித்தான். உருகிய இடம் கொஞ்சம் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்போடு சேர்த்து அன்றைக்கே சமமாகத் தேய்த்துவிடுகிறோம். அப்புறம் உள்ளே சிக்கியிருக்கும் கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறுகிறது, அந்த இடம் உள்வாங்குகிறது. புட்டியும் அப்படியே; குழாயில் வரும், கரைப்பான் கலந்த புட்டி காயக் காயச் சுருங்கும். நாம் தேய்த்தது சமமாகத்தான் இருந்தது, தேய்த்த நாளில்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மூக்கை நம்புங்கள். உருளையின் திறந்த முனையில் மூக்கை வைத்து இழுத்துப் பாருங்கள். பசை வாடை வந்தால் இன்னும் காயவில்லை. பெரிய உருளை என்றால் நான் ஒரு வாரம் தொடமாட்டேன். அவசரம் என்றால் புட்டிக்குப் பதிலாக சூப்பர் குளூவோடு டால்கம் பவுடரைக் குழைத்துப் பூசலாம். அது சுருங்காது. ஆனால் இறுகிய உடனே தேய்த்துவிட வேண்டும். இரவெல்லாம் விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, தேய்க்கும்போது பக்கத்துப் பிளாஸ்டிக் போகும், அது போகாது.

தேய்க்கும் முறையில் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, கோட்டின் மேலேயே மேலும் கீழுமாகத் தேய்த்தால் அங்கே உருளை தட்டையாகிவிடும். பெயிண்ட் அடித்ததும் ஒளி அந்தத் தட்டையில் அகலமாக விழும், கோடு இருந்தபோது இருந்ததை விட அசிங்கமாக. உப்புத்தாளை நாடாவாக வெட்டி, இரு முனையையும் பிடித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுவது போல உருளையின் வளைவோடு இழுங்கள்.

பெயிண்ட்டுக்கு முன் ஒரு சோதனை. அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சை உருளையோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து, உருளையை மெல்லச் சுழற்றுங்கள். அதன் மேல் நீளமாக ஓடும் ஒளிக்கோடு எங்கேயாவது நெளிந்தாலோ ஒடிந்தாலோ அங்கே வேலை பாக்கி. பிரைமர் அடித்த பிறகு இன்னொரு முறை.

அப்போலோ வீரர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 போன்ற ராக்கெட்டுகளில் டேங்குகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில் செங்குத்தான நெளிவரிகள் இருக்கும். இணைப்பைத் தேய்க்கும்போது அந்த இடத்து வரிகளும் போய்விடும். பாகங்களைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரூ சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்தித் தீயில் காட்டி, இளகியதும் இழுத்தால் நூல் போல நீளும். அதை வெட்டி வைத்து, இல்லாமல் போன வரியை மறுபடி ஒட்டலாம். மூன்று நான்கு வரிகளுக்கு மேல் போயிருந்தால் அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்க வைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ராக்கெட் சாய்ந்து நிற்கிறது

சாட்டர்ன் 5 நிஜத்தில் 110.6 மீட்டர் உயரம், அடி அடுக்கின் விட்டம் சுமார் 10 மீட்டர். 1/144 (நிஜத்தில் 144-இல் ஒரு பங்கு) மாடலில் உயரம் ஏறக்குறைய 77 செ.மீ., அடி விட்டம் 7 செ.மீ. அடியில் ஒரு பக்கம் அரை மி.மீ. தூக்கியிருந்தால் உச்சி ஐந்தரை மி.மீ. நகர்ந்துவிடும். அரை மி.மீ. என்பது ஒரு பிசிறு. ஐந்தரை மி.மீ. அறைக்குள் நுழைகிறவர் கண்ணில் படும்.

ஒட்டுவதற்கு முன் அடுக்குகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுழலும் பலகையில் நிறுத்துங்கள். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊசியை அசையாமல் நட்டுவிட்டுப் பலகையைச் சுற்றுங்கள். ஊசிக்கும் உச்சிக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோணல் இருக்கிறது. எந்த இணைப்பில் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு அடுக்காக எடுத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, உருளையின் முனையை எட்டு போடுவது போலத் தேய்த்தால் முனை மட்டமாகும். மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும். அளவு மீறினால் எதிர்ப்பக்கம் சாயும். கொஞ்சம்தான் கோணல் என்றால் தாழ்ந்த பக்கம் சாதாரணத் தாள் துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ., இதைவிட மலிவான அளவுகருவி இல்லை.

கறுப்பு, வெள்ளைக்குள் கசிந்துவிட்டது

நெளிவரிகளின் மேல் ஒட்டிய மாஸ்கிங் டேப் மேடுகளில் மட்டும்தான் ஒட்டும். பள்ளங்களில் டேப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே குட்டிக் குட்டிச் சுரங்கங்கள். கறுப்பு அதன் வழியே ஓடிவிடும்.

டேப்பை ஒட்டியதும் பல்குச்சியால் ஒவ்வொரு பள்ளமாக அழுத்துங்கள். சலிப்பான வேலை, ஒரு பாட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நேராகக் கறுப்புக்குப் போகாமல், டேப்பின் விளிம்பில் வெள்ளையையே ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். சுரங்கத்துக்குள் கசிவது வெள்ளையாகத்தான் இருக்கும், வழியும் அடைபட்டுவிடும். அதன் மேல் கறுப்பு. முழுக்க இறுகுவதற்கு முன்பே டேப்பைத் தன் மேலேயே மடித்தாற்போல, தாழ்வான கோணத்தில் இழுத்து எடுங்கள். எடுக்கும்போது வெள்ளையும் சேர்ந்து உரிந்து வந்தால் அந்தக் குற்றம் டேப்புடையது அல்ல; பிரைமர் போடாததோ, கழுவாததோ, வெள்ளை காய்வதற்கு முன் ஒட்டியதோ.

ஏற்கெனவே கசிந்திருந்தால் கத்தி முனையால் சுரண்டத் தொடங்காதீர்கள். மெல்லிய தூரிகையில் வெள்ளையைத் தொட்டுப் பள்ளத்தில் இழுப்பது நல்லது. நெளிவரியின் நிழல் மிச்சத்தை மறைத்துவிடும்.

இதே இடத்தில் இன்னொரு தவறு, கை செய்யாதது. சாட்டர்ன் 5-இன் கறுப்புப் பட்டைகள் ராக்கெட் சுழல்வதைக் கேமராவில் கண்டுபிடிப்பதற்கானவை. 1966இல் ஏவுதளப் பொருத்தங்களைச் சோதிக்க நிறுத்திய எஸ்ஏ-500எஃப் என்ற ராக்கெட்டில், முதல் அடுக்கின் இரண்டு டேங்குகளுக்கு நடுவிலும் கறுப்பு இருந்தது. அது பறக்கவேயில்லை. பறந்தவற்றில் அந்தப் பகுதி வெள்ளை. பழைய கிட்கள் பல 500எஃப்-ஐப் பார்த்து வரைந்தவை. அதனால் குறிப்பேட்டில் சொன்னபடி அச்சுப் பிசகாமல் அடித்துவிட்டு, அப்போலோ 11 புகைப்படத்தோடு வைத்துப் பார்க்கும்போது ‘ஏதோ இடிக்கிறதே’ என்று தோன்றினால், முதலில் அந்தப் பகுதியைப் பாருங்கள்.

டீக்காலுக்கு அடியில் வெள்ளி வெள்ளியாக மின்னுகிறது

மங்கலான பெயிண்ட் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நெருக்கத்தில் மேடும் பள்ளமுமாக இருக்கும். டீக்கால் மேடுகளின் மேல் உட்கார்ந்துவிடுகிறது, அடியில் காற்று சிக்குகிறது. மின்னுவது அந்தக் காற்று. டீக்காலுக்கு முன் பளபளப்பான கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) ஒன்று போட்டிருந்தால் இது வராது. வந்துவிட்டால் கூர்மையான ஊசியால் மின்னும் இடத்தில் சில துளைகள் இட்டு, டீக்கால் இளக்கும் திரவத்தைத் தூரிகையால் ஒற்றுங்கள். டீக்கால் பயமுறுத்தும்படி சுருங்கும். தொடாதீர்கள். தானாகவே படிந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம்.

‘USA’ எழுத்துகள் நெளிவரியின் மேல் வந்து பாலம் கட்டி நின்றால், இளக்கும் திரவம் பட்டதும் பிளேடால் பள்ளத்தின் வழியே மெல்லக் கீறிவிடுங்கள்.

பழைய கிட்டின் டீக்கால் மஞ்சளாக இருந்தால், தாளை வெளிப்புறம் பார்த்தபடி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில வாரம் வெயிலில் விடலாம், பெரும்பாலும் வெளுக்கும். தண்ணீரில் போட்டதும் தூள் தூளாகுமா என்று தெரிந்துகொள்ள, தேவைப்படாத ஒரு துண்டை முதலில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் மீதியின் மேல் கிளியர் லாக்கர் ஒரு பூச்சு அடித்து, காய்ந்ததும் ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுங்கள்.

நிலவு இறங்குகலம் பரிசுப்பொட்டலம் போல இருக்கிறது

தங்க நிறத் தாளைக் கீழ்ப்பகுதி முழுக்கச் சுற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும். அப்போலோ இறங்குகலத்தில் அந்த மினுமினுப்பு தங்கத்தால் வந்ததல்ல. கேப்டான் என்ற பிளாஸ்டிக் படலம் இயல்பிலேயே தேன் நிறம். அதன் ஒரு பக்கம் மட்டும் அலுமினியம் பூசியிருப்பார்கள். வெள்ளிப் பரப்பின் மேல் தேன் நிறக் கண்ணாடி வைத்த மாதிரி. இதைப் புரிந்துகொண்டால் வழியும் தெரிந்துவிடும்: அலுமினியத் தாளை எடுத்து, அதன் மேல் கிளியர் ஆரஞ்சும் கிளியர் மஞ்சளும் கலந்து மெல்ல அடியுங்கள். ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும் விதமே நிஜத்தைப் போல இருக்கும். தங்கப் பெயிண்ட் அந்த ஆழத்தைத் தராது.

அப்புறம் மடிப்பு. நிஜக் கலத்தின் போர்வையில் ஒரு சாண் அகல மடிப்பு, 1/48 மாடலில் 5 மி.மீ.கூட வராது. உங்கள் மாடலில் மடிப்புகள் விரல் அகலம் இருந்தால், அது நிஜத்தில் ஆள் படுக்கும் மடிப்பு. தாளைக் கைக்குள் இறுக்கிக் கசக்கி, பொறுமையாக விரித்து, விரல் நுனியால் மட்டும் தட்டையாக்குங்கள். கண்ணாடிக் குப்பியை உருட்டித் தேய்த்தால் மடிப்பு செத்துவிடும்.

ஒவ்வொரு முகத்துக்கும் காகிதத்தில் அச்சு வெட்டி, தனித்தனித் துண்டாக ஒட்டுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைப் பிளாஸ்டிக்கில் தடவி, தாளை வைத்து, பஞ்சுக் குச்சியால் ஒற்றுங்கள். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி சுற்றிலும் வெண்படலமாக உறையும். முழுக்கத் தேன் நிறமாகவும் வேண்டாம். கலத்தில் வெள்ளி, கறுப்பு, வெளிர்மஞ்சள் எல்லாம் ஒட்டுப்போட்ட போர்வை போலக் கலந்திருக்கும், பயணத்துக்குப் பயணம் அந்த அமைப்பும் மாறும். அப்போலோ 15, 16, 17 கலங்களுக்கும் 11-க்கும் வடிவிலேயே வித்தியாசம். புகைப்படத்தைத் தேடும்போது பயண எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். அருங்காட்சியகத்தில் இருப்பது நிலவுக்குப் போகாத கலம்; அதன் போர்வையை அப்படியே நகல் எடுக்க வேண்டாம்.

நான்கு கால்களில் ஒன்று தரையில் படவில்லை

கால்களைத் தனித்தனியாக ஒட்டிக் காயவைத்தால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நிற்கும். மெதுவாக இறுகும் பசையால் நான்கையும் ஒரே நேரத்தில் ஒட்டி, கண்ணாடித் தட்டின் மேல் நிறுத்தி, கலத்தின் தலையில் ஒரு சின்ன எடையை வைத்துவிட்டுப் போய்விடுங்கள். தன் மட்டத்தைத் தானே கண்டுகொள்ளும்.

கால்கள் எல்லாம் சரியாக இருந்தும் கலம் ஆடுகிறதா? பாதங்களுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தொடுகம்பிகளைப் பாருங்கள். நிஜத்தில் சுமார் 1.7 மீட்டர் நீளம், 1/48-இல் மூன்றரை செ.மீ. நிலம் பட்டதும் கலத்துக்குள் விளக்கு எரிவதற்காக வைத்தவை. பறக்கும் நிலையில் மட்டும்தான் அவை நேராகத் தொங்கும். நிலவின் தரைமேல் வைத்த மாடல் என்றால் பாதத்துக்கு அடியில் மடங்கியோ, பக்கவாட்டில் வளைந்தோ கிடக்க வேண்டும். அப்போலோ 11-இல் ஏணி இருக்கும் காலில் தொடுகம்பியே கிடையாது, மற்ற மூன்றில்தான். நான் முதன்முதலில் செய்த கலத்துக்கு நான்கிலும் ஒட்டி, நான்கையும் நேராக நிறுத்தி, குதிகால் செருப்பு போட்டுக்கொண்ட மாதிரி நிற்க வைத்திருந்தேன். ஒரு வருடம் அலமாரியில் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளி நிறம் உலோகமாக இல்லாமல் சாம்பலாகத் தெரிகிறது

உலோகப் பெயிண்ட்டின் பளபளப்பு அதனுடையது அல்ல, அடியில் இருப்பதனுடையது. அடியில் பளபளப்பான கறுப்பு போட்டு, அது கண்ணாடி போல ஆன பிறகு, மேலே உலோகத்தை மிக மெல்லியதாகத் தூவ வேண்டும். கறுப்பில் சொரசொரப்பு இருந்தால் வெள்ளி அதைப் பத்து மடங்காகக் காட்டும். முடித்த பிறகு பாதுகாப்புக்கு என்று கிளியர் கோட் அடித்துத்தான் பலர் கெடுக்கிறார்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு மாதிரித் துண்டில் அடித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். இல்லையென்றால் கையுறை போட்டுத் தொடுவதே பாதுகாப்பு.

வீரர்கள் இருக்கும் கூம்பு வடிவ அப்போலோ கட்டளைக் கலத்தின் நிறம் பற்றி எப்போதும் குழப்பம். ஏவும்போது மேலே இருப்பது வெள்ளைக் காப்புறை. தப்பிக்கும் கோபுரத்தோடு சேர்ந்து அது கழன்றுவிடும். விண்வெளியில் தெரிவது கண்ணாடி போன்ற வெள்ளிப் படலம். அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் பழுப்பு, வளிமண்டலத்துக்குள் நுழைந்து கருகியது. சேவைக் கலத்தோடு இணைந்த மாடலில் கூம்பைப் பழுப்பாக அடித்தால், பூமிக்குத் திரும்பி வந்த பிறகு மறுபடி கிளம்பியதாக ஆகிவிடும்.

விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) பொம்மை போல இருக்கிறது

பெரும்பாலும் ஓட்டுக் கோடுகளின் ஆழம்தான் காரணம். வெப்பத்தைத் தடுக்கும் அடிப்பக்கத்துக் கறுப்பு ஓடு ஏறத்தாழ 15 செ.மீ. சதுரம், 1/72-இல் 2 மி.மீ. சரி, அது தெரியலாம். ஆனால் இரண்டு ஓடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மி.மீ. கணக்கு. அதை 72-ஆல் வகுத்தால் மி.மீ.-இல் நூறில் ஒரு பங்கு சொச்சம், முடியை விட மெல்லியது. அங்கே கறுப்பு வாஷ் (கோடுகளில் ஓடவிடும் மிக நீர்த்த பெயிண்ட்) ஊற்றினால் விண்ணோடம் குளியலறைச் சுவர் ஆகிவிடும். வெள்ளைப் பக்கத்துக்கு வெளிர் சாம்பல் வாஷ், அதுவும் கதவு விளிம்பு, அசையும் இறக்கைப் பகுதி ஆகியவற்றில் மட்டும். அடிப்பக்கத்துக்கு சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல். அங்கங்கே சில ஓடுகளை மட்டும் ஒரு பிடி அடர்த்தியாகத் தொட்டுவிட்டால், மாற்றிப் பொருத்திய ஓடுகள் போலத் தெரியும். மூக்கு நுனியும் இறக்கையின் முன்விளிம்பும் வேறு பொருள், வேறு சாம்பல்.

வாஷ் போடும்போது அடிப் பெயிண்ட் கரைந்தால், இரண்டும் ஒரே வகைத் தின்னரில் கரைபவை. நடுவில் அக்ரிலிக் கிளியர் ஒன்று வேண்டும். எனாமல் தின்னர் குளம் கட்டி நின்று, இறுக்கிப் பிடித்து ஒட்டிய இணைப்புக்குள் போனால் பிளாஸ்டிக்கே விரிசல் விட்டுவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

வெளிப்புற டேங்க் என்ன நிறம் என்பது எந்தப் பயணம் என்பதைப் பொறுத்தது. 1981இல் நடந்த முதல் இரண்டு பயணங்களிலும் டேங்குக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். 1982 மார்ச்சில் எஸ்டிஎஸ்-3 என்ற மூன்றாவது பயணம் முதல் பெயிண்ட்டை விட்டுவிட்டார்கள். சுமார் 270 கிலோ எடை மிச்சம். அந்த நுரைப்பூச்சு புதிதில் வெளிர் நிறம், வெயில் பட்டுப் பட்டுத்தான் ஆரஞ்சுப் பழுப்பாகும். எனவே ஒரே சீரான ஆரஞ்சு அடித்தால் பிளாஸ்டிக் வாளி போலத்தான் இருக்கும். இரண்டு மூன்று நெருங்கிய நிறங்களைத் திட்டுத்திட்டாக, மிக நீர்த்து அடியுங்கள். டீக்காலிலும் கவனம்: நாசாவின் வளைந்து நெளிந்த எழுத்துச் சின்னமும் வட்டமான நீலச் சின்னமும் வேறு வேறு காலத்தவை. 1998 முதல்தான் விண்ணோடங்கள் நீல வட்டத்துக்கு மாறத் தொடங்கின. இறக்கை உடலோடு சேரும் முன்பகுதியின் மேல் கறுப்பு இருந்தால் அது கொலம்பியா.

நீளமான கை தொங்கிப்போய்விட்டது

கோள்களை ஆராயச் சென்ற வாயேஜர் கலத்தின் காந்தமானிக் கை நிஜத்தில் 13 மீட்டர். 1/48-இல் 27 செ.மீ. நீளத்துக்கு ஈர்க்குச்சி போன்ற ஒரு பிளாஸ்டிக் பாகம், ஒரு முனையில் மட்டும் பிடிப்பு. ஒட்டிய நாளில் நேராக நிற்கும். பாலிஸ்டைரீன் தன் எடையாலேயே மாதக்கணக்கில் வளையும். வெப்பமான விளக்கின் அருகே இருந்தால் வாரக்கணக்கில். வளைந்ததை வெந்நீர் காட்டி நிமிர்த்தலாம், திரும்ப வளையும். அதனால் அதை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மெல்லிய எஃகுக் கம்பியோ கார்பன் தண்டோ வைத்து மாற்றுங்கள். உடலுக்குள் ஒன்றரை செ.மீ.யாவது துளையிட்டு நுழைத்து, எபாக்சியால் ஒட்டுங்கள். கையைப் பொருத்தியதும் கலத்தின் எடை ஒரு பக்கம் இழுக்கும், ஆகவே தாங்கியும் கனமாக இருக்க வேண்டும்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் இதே கதைதான், இன்னும் பெரிதாக. 109 மீட்டர் நீளச் சட்டம் 1/144-இல் கிட்டத்தட்ட 76 செ.மீ.; இரு முனையிலும் சூரியத் தகடுகள். சட்டத்துக்குள் முழு நீளத்துக்குப் பித்தளைக் குழாயை ஓட்டிவிட்டுத்தான் மற்ற எதையும் தொடங்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு குழாய் நுழைக்க வழி கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

முப்பரிமாண அச்சில் எடுத்த பாகம் பிசுபிசுக்கிறது, பெயிண்ட் காயவே மாட்டேன் என்கிறது

ரெசின் முழுதாக இறுகவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, முழுக்க உலரவிட்டு, புற ஊதா விளக்கில் எல்லாப் பக்கமும் காட்டுங்கள். உள்ளே குழியான பாகம் என்றால் குழிக்குள் திரவ ரெசின் தேங்கியிருக்கும். வடிய ஒரு துளை இல்லாவிட்டால் பெயிண்ட் அடித்து மாதங்கள் ஆன பிறகும் விரிசல் விட்டு ஒழுகும். கழுவும்போதும் தேய்க்கும்போதும் கையுறை கட்டாயம்.

ஜன்னல் கண்ணாடி பனி படிந்தது போல மங்கிவிட்டது

சூப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசைதான். மங்கியதை மெல்லிய பாலிஷால் தேய்த்து, பளபளப்பான அக்ரிலிக் கிளியரில் ஒரு முறை முக்கி எடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். உள்பக்கம் மங்கி, கூண்டும் ஒட்டியாகிவிட்டது என்றால் வெளியே கறுப்படித்துவிட்டு அடுத்த மாடலுக்குப் போங்கள். விண்வெளிப் புகைப்படங்களில் ஜன்னல் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும்.

முடித்துப் பல மாதம் கழித்து விண்ணோடத்தின் மூக்கு இணைப்பு விரிகிறது

சக்கரத்தில் நிற்கும் விண்ணோட மாடல் வாலில் குந்திவிடும் என்பதால் மூக்குக்குள் எடை வைப்போம். கைக்கு எளிதாகக் கிடைப்பது மீன்பிடித் தூண்டிலின் ஈயக் குண்டு. அதை வெள்ளைப் பசை ஊற்றி நிரப்புவது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. அங்கேதான் வினை. அந்தப் பசையிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும். தூளுக்கு இடம் அதிகம் தேவை. மெல்ல மெல்லப் பருத்து, உள்ளிருந்தே பிளாஸ்டிக்கைப் பிளக்கும். கீறலில் வெள்ளைப் பொடி தெரிந்தால் இதுதான்.

வெளியே புட்டி போட்டு அடைக்காதீர்கள், மறுபடி விரியும். அடிப்பக்கத்தில், மூக்குச் சக்கரக் கதவுக் குழியின் வழியாகத் துளையிட்டு, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மேல்பக்கத்து வெள்ளையையும் டீக்காலையும் தொடாமல் வேலை முடிய அதுதான் வழி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பொடியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். காலியான இடத்தில் எஃகுக் குண்டுகளை எபாக்சியில் புதைத்து, மூக்கைக் கீழே பார்த்தபடி நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். ஈயத்தை விட எஃகு லேசு என்பதால் முன்பு இருந்த அளவுக்கு எடை வராது. குழியை மூடுவதற்கு முன் சக்கரத்தில் நிறுத்தி, வாலை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மூக்கு தானாகக் கீழே வந்தால் மூடிவிடலாம்.